மழைத்துளி ஏன் வலிப்பதில்லை என்று கேட்டாளே

அன்புள்ள கண்ணா,

போனில் பேசும்போது குட்டி கேட்ட கேள்வியைச் சொன்னாய். மேகம் அவ்வளவு உயரத்தில் இருக்கிறதே, அங்கிருந்து விழுகிற துளி தலையில் பட்டால் ஏன் வலிக்கவில்லை என்று. துளி ரொம்பச் சின்னது, அதனால் வலிக்காது என்று பதில் சொல்லிவிட்டதாகவும் சொன்னாய். அது பாதிப் பதில்தான்டா. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அதைப் போனில் சொன்னால் எண்கள் மனதில் நிற்காது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ முதலில் படி, அப்புறம் உன் வாயாலேயே அவளுக்குச் சொல். சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்று மட்டும் ஒதுக்கிவிடாதே, இப்படிக் கேட்கத் தெரிந்தவளுக்குப் பதில் நிச்சயம் புரியும்.

முதலில் காற்றே இல்லை என்று வைத்துக்கொள். 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு துளியை விட்டால், தடுக்க எதுவும் இல்லாததால் ஒவ்வொரு நொடியும் வேகம் 9.8 மீட்டர் கூடிக்கொண்டே போகும், 20 நொடியில் தரைக்கு வந்துவிடும், வரும்போது அதன் வேகம் நொடிக்கு கிட்டத்தட்ட 200 மீட்டர். மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு விமானம் பறக்கிற வேகத்தில் தண்ணீர் வந்து தலையில் அடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார், துளி சின்னதாக இருப்பது அப்போது பெரிய ஆறுதலாக இருக்காது. உண்மையில் நடப்பது என்ன? 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள, சாதாரண மழையில் வருகிற ஒரு துளி தரைக்கு வருவது நொடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில். மணிக்கு 23 கிலோமீட்டர். கொஞ்சம் வேகமாக மிதித்தால் சைக்கிளே அந்த வேகத்தில் போகும். வேகத்தில் 30 மடங்கு வித்தியாசம் என்றால் மோதும் ஆற்றலில் 900 மடங்கு வித்தியாசம், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. இந்த 900 மடங்கையும் நமக்காக வாங்கிக்கொள்வது காற்று. குட்டிக்கு ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்: துளியை வழி முழுக்கக் காற்று தாங்கிப் பிடித்துக்கொண்டே வருகிறது.

எப்படித் தாங்குகிறது என்பதை அவள் கையிலேயே காட்டலாம். வண்டி மெதுவாகப் போகும்போது ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை முன்னால் காட்டி நீட்டினால் காற்று தெரியவே தெரியாது, வேகம் கூடக்கூடக் கையைப் பின்னுக்குத் தள்ளும். (கூட நீ இருக்கும்போது மட்டும், ரோடு காலியாக இருக்கும்போது மட்டும்.) காற்றுத் தடை என்பது ஒரே அளவாக இருக்கிற சமாச்சாரம் இல்லை, போகிற வேகத்தோடு அதுவும் கூடும். ஆனால் துளியின் எடை மாறாது. அப்படியானால் என்ன ஆகும்? விழ ஆரம்பித்ததும் வேகம் குறைவு, தடையும் குறைவு, எடை ஜெயிக்கிறது, வேகம் கூடுகிறது. வேகம் கூடியதால் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் மேலே தள்ளுகிற தடையும் கீழே இழுக்கிற எடையும் சரிசமம் ஆகிவிடும். அதற்கப்புறம் வேகம் கூடாது, குறையாது. பாடப்புத்தகத்தில் முற்றுத்திசைவேகம் என்று நீ படித்தது இதைத்தான்.

இந்த இடத்தில்தான் வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் முழிப்பார்கள், நீயும் முழித்திருப்பாய். இரண்டு விசையும் சமம் என்றால் துளி அந்தரத்தில் நின்றுவிட வேண்டாமா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, அவசரப்பட்டுத் தாண்டிப் போகக் கூடாத கேள்வி. விசை என்பது வேகத்தை மாற்றுவதற்குத்தான் தேவை, வேகத்தோடு போய்க்கொண்டிருப்பதற்கு விசையே வேண்டாம். நிகர விசை பூஜ்யம் என்றால் எந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்ததோ அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். துளி நின்றுவிட்டது என்று ஒரு கணம் வைத்துக்கொண்டாலும், நின்ற உடனே காற்றுத் தடை காணாமல் போகும், எடை மட்டும் மிச்சம் இருக்கும், மறுபடி விழ ஆரம்பித்து அதே வேகத்துக்கே வந்து சேரும். இதை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார், சட்டென்று பிடிபடும். இது பிடிபட்டுவிட்டால் மழை பற்றி மீதி எல்லாமே இதிலிருந்து தானாக வரும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. அந்தச் சமநிலைக்கு வர எவ்வளவு தூரம் விழ வேண்டும் என்று நினைக்கிறாய்? நானும் நீயும் யூகித்தால் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்போம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 2 மில்லிமீட்டர் துளி வெறும் 5 மீட்டர் விழுவதற்குள், ஒன்றேகால் நொடிக்குள், தன் முழு வேகத்தில் 95 சதவீதத்தை எட்டிவிடுகிறது. 5 மீட்டர்! மிச்சமிருக்கும் 1,995 மீட்டரில் கூடுவதற்கு அந்த மீதி 5 சதவீதம்தான் இருக்கிறது. அதனால் மேகம் 200 மீட்டரில் இருந்தாலும் சரி, 2 கிலோமீட்டரில் இருந்தாலும் சரி, நம் தலையில் விழுகிற வேகம் ஒன்றுதான். குட்டியின் கேள்வியில் ‘அவ்வளவு உயரத்திலிருந்து’ என்று ஒன்று இருக்கிறதே, அந்த உயரத்துக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.

அப்படியானால் 2 கிலோமீட்டர் விழுந்ததில் கிடைத்த ஆற்றல் எங்கே போனது என்று நீ கேட்பாய். ஆயிரத்தில் ஒரு பங்குதான் துளியின் வேகமாக மிஞ்சுகிறது, மற்றதெல்லாம் வழியில் காற்றைக் கலக்கி, கடைசியில் வெப்பமாகிப் போகிறது. ஒரு துளியைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை போலத்தான் தெரியும். ஆனால் மொத்த மழையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒலிவியே பாலுயி, ஜூலியானா டயஸ் இருவரும் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2012-இல் வெளியிட்ட கணக்குப்படி, வெப்பமண்டலத்தில் மழை விழுவதால் மட்டும் வளிமண்டலத்தில் இப்படி உராய்வில் கரைவது சராசரியாகச் சதுர மீட்டருக்கு 1.8 வாட். மழை பெய்யாத இடம், பெய்யாத நேரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. காற்று நம்மைக் காப்பாற்றுகிறது என்று சொன்னேனே, அதற்கு அது கொடுக்கிற விலை இவ்வளவு.

அடுத்து அளவு. எல்லாப் பொருளும் ஒரே மாதிரி விழும், எடைக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்று கலிலியோவின் பெயரைச் சொல்லிப் படித்தோம் இல்லையா, அது காற்று குறுக்கிடாதவரைக்கும்தான். மழையில் பெரிய துளி வேகமாக விழும், சின்னத் துளி மெதுவாக விழும். விட்டம் இருமடங்கானால் எடை எட்டு மடங்கு ஆகிறது, காற்றை எதிர்த்து நிற்கும் பரப்பு நான்கு மடங்குதான் ஆகிறது, அதனால் பெரிய துளியைத் தாங்கிப் பிடிக்க இன்னும் கூடுதல் வேகம் வேண்டியிருக்கிறது. ராஸ் கன், கில்பர்ட் கின்சர் என்று இரண்டு பேர் 1949-இல் அசையாத காற்றில் துளிகளை விழவிட்டு அளந்து வெளியிட்ட எண்களைத்தான் இன்றைக்கும் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். 0.1 மில்லிமீட்டர் துளிக்கு நொடிக்கு 27 சென்டிமீட்டர், அரை மில்லிமீட்டர் துளிக்கு 2 மீட்டர், 1 மில்லிமீட்டருக்கு 4 மீட்டர், 2-க்கு 6.5, 3-க்கு 8, 5-க்கு 9.1. இந்த வரிசையை இன்னொரு தடவை பார். முதலில் மளமளவென்று ஏறுகிறது, கடைசியில் ஏறமாட்டேன் என்கிறது. 3-லிருந்து 5-க்குப் போனதில் எடை நாலரை மடங்குக்கு மேல் கூடியும் வேகம் நொடிக்கு 1 மீட்டர்தான் கூடியிருக்கிறது. ஏன் என்பதை வடிவத்தைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

அதற்கு முன்னால் மேகம். மேகம் ஏன் விழவில்லை என்று அடுத்த கேள்வி நிச்சயம் வரும், தயாராக இரு. விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மேகத்தில் இருக்கும் நுண்துளியின் விட்டம் ஏறக்குறைய 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு. அது விழும் வேகம் நொடிக்கு 1 சென்டிமீட்டர் சொச்சம். 1 கிலோமீட்டர் இறங்க ஏறக்குறைய ஒரு முழுநாள் ஆகும், அதற்குள் மேலே எழும்பும் ஒரு மெல்லிய காற்றே போதும் அதை மறுபடி தூக்கிக்கொண்டுபோக. இவ்வளவு சின்ன அளவில் காற்று தண்ணீர்போல ஓடிவிடாமல் பாகுபோல ஒட்டிக்கொண்டு தடுக்கிறது. இந்த அளவுக்கான விதியை 1851-இலேயே ஸ்டோக்ஸ் எழுதிவிட்டார், அதில் விட்டம் இருமடங்கானால் வேகம் நான்கு மடங்கு.

இப்போது இதைக் கவனி. 20 மைக்ரான் நுண்துளியிலிருந்து 2 மில்லிமீட்டர் மழைத்துளி வர வேண்டுமென்றால் விட்டம் 100 மடங்கு, அப்படியானால் தண்ணீர் 10 லட்சம் மடங்கு. பத்து லட்சம் நுண்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. எப்படிச் சேர்கின்றன? நீராவி படிந்து படிந்து பெரிதாகும் என்று நினைப்போம், ஓரளவுக்கு மேல் அந்த வழி மகா மெதுவானது, அதை நம்பியிருந்தால் அரை மணி நேரத்தில் கறுத்துக் கொட்டுகிற மழை சாத்தியமே இல்லை. குளிர்ந்த மேகங்களில் பனிப் படிகங்கள் வளர்ந்து, விழும்போது உருகி மழையாவது ஒரு வழி. உறைநிலைக்குக் கீழே போகாத மேகங்களில் வேறு வழி, மோதல். கொஞ்சம் பெரிதாக இருக்கிற துளி கொஞ்சம் வேகமாக விழுகிறது, அதனால் வழியில் இருக்கிற சின்னவற்றை எட்டிப் பிடித்துச் சேர்த்துக்கொள்கிறது, சேர்த்ததால் இன்னும் பெரிதாகிறது, அதனால் இன்னும் வேகம், இன்னும் பல மோதல்கள். எல்லா நுண்துளிகளும் கச்சிதமாக ஒரே அளவில் இருந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கும், ஒன்றை ஒன்று தொடுவதே அபூர்வமாகிவிடும். துளி உருவாகி அப்புறம் விழுகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விழுவதால்தான் அது துளியாகவே உருவாகிறது. எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தாலும் இந்த இடம் வரும்போது எனக்கு உற்சாகம் குறைந்ததே இல்லை.

வடிவத்துக்கு வருகிறேன். மேலே கூர்மையாக, கீழே குண்டாகப் படம் போடுகிறார்களே, வானிலைச் செய்தியிலிருந்து குட்டியின் பாட்டுப் புத்தகம் வரை அதே படம்தான், அது தவறு. அவளாவது சரியாக வரையட்டும். குழாயிலிருந்து சொட்டும் துளி பிய்ந்துவரும் கணத்தில் அப்படித் தோன்றும், அதோடு சரி. காற்றில் விழும் சின்னத் துளி, 1 மில்லிமீட்டர் வரைக்கும், அப்பழுக்கில்லாத உருண்டை. பரப்பு இழுவிசை அதை எல்லாப் பக்கமும் சமமாக இறுக்கிப் பிடித்திருக்கிறது. துளி பெரிதாகப் பெரிதாக அடிப்பக்கம் காற்று முட்டி முட்டி அடி தட்டையாகிவிடும், தலை மட்டும் வளைவாக, சின்னக் குன்று மாதிரி நிற்கும். படத்தில் இருப்பதற்கு நேர் எதிர் என்றே சொல்லலாம்.

இதைக் கணக்காகப் பார்த்தால் அழகாக இருக்கும். துளியை உருண்டையாக வைத்திருக்கப் பரப்பு இழுவிசை உள்ளே உண்டாக்கும் அழுத்தம் ஒன்று, கீழிருந்து காற்று முட்டும் அழுத்தம் ஒன்று, இரண்டுக்கும் போட்டி. 1 மில்லிமீட்டர் துளியில் முதலாவது ஏறக்குறைய 290 பாஸ்கல், காற்று முட்டுவது 10 பாஸ்கல்தான், போட்டியே இல்லை. 5 மில்லிமீட்டர் துளியில் முதலாவது 58 பாஸ்கலுக்கு இறங்கிவிடுகிறது, காற்று முட்டுவது 50-க்கு ஏறிவிடுகிறது. கிட்டத்தட்டச் சமம். அந்த அளவில் துளியின் உயரம் அகலத்தில் 70 சதவீதம்தான் இருக்கும். படுத்துவிட்டதால் காற்றை எதிர்க்கும் பரப்பு கூடிவிடுகிறது, அதனால்தான் வேகம் அதற்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. இன்னும் பெரிதானால் அடிப்பக்கம் உள்ளே குழிந்து, குழி பையாக ஊதி, விளிம்பில் மட்டும் தடித்த வளையமாகத் தண்ணீர் நின்று, பை கிழிந்ததும் வளையமும் நூறு துண்டாகச் சிதறிவிடும். பிரான்ஸின் மார்செய் நகரில் எமானுவேல் வில்லர்மோவும் பெஞ்சமின் பொஸாவும் 2009-இல் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, ஒரே ஒரு பெரிய துளி இப்படி உடைவதிலிருந்தே மழையில் காணப்படும் பல அளவுத் துளிகளின் விகிதத்தைப் பெற முடியும் என்று காட்டினார்கள். துளிகள் ஒன்றோடொன்று மோதி உடைவதுதான் முக்கியம் என்பவர்களும் இருக்கிறார்கள், என் மனம் இருவர் பக்கமும் இருக்கிறது, மேகத்துக்குள் இரண்டுமே நடக்க இடம் இருக்கிறது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஜெர்மன் இயற்பியலாளர் பிலிப் லெனார்ட். 1904-இல், இன்றைய அதிவேகக் கேமராக்கள் எல்லாம் இல்லாத காலத்தில், கீழிருந்து மேலாகக் காற்றை ஊதி, விழுகிற துளியை அந்தரத்தில் நிறுத்திவைத்துப் பார்த்தார். துளி காற்றில் விழுவதும், நின்ற துளியின்மேல் காற்று அதே வேகத்தில் கீழிருந்து வீசுவதும் இயற்பியலுக்கு ஒன்றுதான், அந்த யோசனையே பாதி வெற்றி. பெரிய துளிகள் தட்டையாவதையும், 5 மில்லிமீட்டரைத் தாண்டியவை சில நொடிகளுக்கு மேல் தாக்குப்பிடிக்காமல் உடைவதையும் கண்டார். அடுத்த வருஷம் கேதோடு கதிர்களுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, மழை வேலையை அநேகமாக யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இயற்கையில் எப்போதாவது இந்த எல்லையைத் தாண்டிய துளிகளும் அகப்பட்டிருக்கின்றன. பிரேசிலில் காட்டுத்தீப் புகை சூழ்ந்த மேகத்திலும், மார்ஷல் தீவுகளுக்கு அருகே சுத்தமான கடல் காற்றிலும் விமானத்தில் பறந்து அளந்து, 8.8 மில்லிமீட்டர், ஒருவேளை 1 சென்டிமீட்டர் அளவுத் துளிகளைக் கண்டதாக 2004-இல் ஹாப்ஸும் ராங்னோவும் எழுதினார்கள்.

தட்டையாவதில் நமக்கு ஒரு நேரடி லாபமும் உண்டு. இப்போதைய வானிலை ரேடார்கள் படுக்கைவாட்டில் ஓர் அலை, செங்குத்தாக ஓர் அலை என்று இரண்டை அனுப்புகின்றன. பெரிய துளி அகலமாக இருப்பதால் படுக்கை அலை அதிகமாகத் திரும்பிவரும். இரண்டும் சமமாகத் திரும்பினால் தூறல், வித்தியாசம் பெரிதாக இருந்தால் பெரிய துளிகள் நிறைந்த கனமழை. உருண்டு உருண்டு விழும் ஆலங்கட்டியில் வித்தியாசம் குறைவாகவே இருக்கும், ஆனால் எதிரொலி பலமாக இருக்கும். எத்தனையோ மைல் தூரத்தில் இருக்கிற துளி தட்டையா உருண்டையா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்து எச்சரிக்கை கொடுக்கிறார்கள்.

சரி, வெளியே போய்ப் பார்க்கக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு மழை தொடங்கும்போது முதலில் விழுவது தூறலாக இல்லாமல், ஒன்றிரண்டு பெரிய துளிகள் தனித்தனியாகப் பட் பட்டென்று விழுவதைக் கவனித்திருப்பாய். மேகத்தின் அடி 2 கிலோமீட்டரில் இருந்தால் 5 மில்லிமீட்டர் துளி நான்கு நிமிஷத்துக்குள் தரையைத் தொட்டுவிடும், அதே நேரத்தில் கிளம்பிய 1 மில்லிமீட்டர் துளிக்கு எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் கீழே உலர்ந்த காற்றில் ஆவியாகிப்போகாமல் இருந்தால். பெரியவை முந்திக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொன்று மரத்தடி. மழை பெய்யும்போது பெரிய மரத்துக்குக் கீழே நின்றால் எப்போதாவது ஒரு சொட்டு தலையில் நங்கென்று விழும், மேகத்திலிருந்து வருவதைவிட அதுதான் வலிக்கும். இலை நுனியில் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து 5 மில்லிமீட்டர் அளவு வந்தபின்தான் கழன்று விழுகிறது. அப்படி ஒரு துளி 5 மீட்டர் உயரக் கிளையிலிருந்து விழுந்தால்கூட கீழே வரும்போது வேகம் நொடிக்கு 7.6 மீட்டர் இருக்கும், 2 கிலோமீட்டரிலிருந்து வந்த 2 மில்லிமீட்டர் துளியைவிட வேகம். எடையோ பதினைந்து மடங்கு. மோதும் ஆற்றல் ஏறக்குறைய இருபது மடங்கு. உயரமான மரங்களுக்கு அடியில் சருகும் புதரும் இல்லாமல் கூட்டிப் பெருக்கி வைத்தால் மண் அரிப்பு திறந்தவெளியைவிட மோசமாகலாம் என்று மண் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது இதனால்தான். சருகைக் கூட்டாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருப்பதற்கும் இதுதான் காரணம்.

வண்டியில் போகும்போது மழை சாய்ந்து பெய்வதாகத் தெரிவதும் கணக்குதான். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர், துளி இறங்குவது 6.5 மீட்டர், அதனால் மழை கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு எதிரே வருவதுபோல் இருக்கும். இதே கணக்கைத்தான் ஜேம்ஸ் பிராட்லி நட்சத்திர ஒளிக்குப் போட்டார், 1729-இல். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால் எல்லா நட்சத்திரங்களின் ஒளியும் துளியூண்டு சாய்ந்து வருவதுபோல் தெரிகிறது என்று கண்டு, அந்தச் சாய்விலிருந்து ஒளியின் வேகத்தையும் கணக்கிட்டார். மழையில் ஓடுவதா நடப்பதா என்று அவள் கேட்டால், ஓடு என்று சொல். நேராகப் பெய்யும் மழையில் முன்பக்கம் நனைவது தூரத்தைப் பொறுத்தது, எப்படிப் போனாலும் ஒன்றுதான், தலை நனைவது நேரத்தைப் பொறுத்தது.

கொசுவைப் பற்றியும் அவளுக்குச் சொல்ல வேண்டும், இது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மழைத்துளி கொசுவைவிட 50 மடங்கு வரைக்கும் கனமாக இருக்கலாம். மழையில் கொசு எப்படிப் பிழைக்கிறது? அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹூவின் குழு அதிவேகக் கேமராவில் எடுத்துப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். பறக்கும் கொசு ரொம்ப லேசு என்பதால் அது துளியைத் தடுப்பதே இல்லை. தடுக்காததால் துளியின் வேகம் அதிகம் குறைவதில்லை, குறையாததால் அடியும் பெரிதாக இல்லை. கொசு துளியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கீழே போய், அப்புறம் பக்கவாட்டில் கழன்று பறந்துவிடுகிறது. தரைக்கு ரொம்பப் பக்கத்தில் பறந்துகொண்டிருந்து கழல நேரம் கிடைக்காவிட்டால்தான் ஆபத்து. நம் தலை துளியை முழுசாக நிறுத்துகிறது, கொசு நிறுத்துவதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

சனியின் துணைக்கோள் டைட்டனிலும் மழை உண்டு, தண்ணீருக்குப் பதில் மீத்தேன். ஈர்ப்பு இங்கே இருப்பதில் ஏழில் ஒரு பங்கு, காற்றோ நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி. கணக்குப்படி துளி 1 சென்டிமீட்டர் அளவுக்கு வளரலாம், விழுவது நொடிக்கு 1.6 மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம். எதிரே வருகிற துளியைப் பார்த்து ஒதுங்கி நிற்கலாம். அங்கேயும் இதே தராசுதான், ஒரு தட்டில் எடை, இன்னொரு தட்டில் காற்று. மில்லிகன் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்ததும் இதை வைத்துத்தான், தண்ணீர்த்துளி சீக்கிரம் ஆவியாகிறது என்று எண்ணெய்த் துளிக்கு மாறி, அது விழும் வேகத்திலிருந்து அதன் அளவைக் கண்டுபிடித்தார். அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன், அதற்குத் தனியாக நேரம் வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன், இருவரும் சேர்ந்து செய்யுங்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார், பனிப் படிகங்களை ஆயிரக்கணக்கில் படம் எடுத்தவர். மழைத்துளியை அளக்க அவர் கண்டுபிடித்த வழி, 1904-இல் எழுதினார், மாவுத் தட்டு. அகலமான தட்டில் சலித்த மாவை இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் பரப்பி மேலே சமமாக்கிக்கொள்ளுங்கள், அமுக்க வேண்டாம். மேலே ஒரு மூடியைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் போய், மூடியை இரண்டு மூன்று நொடி மட்டும் எடுத்துவிட்டு மூடிவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் துளியின் மேல் துளி விழுந்து எல்லாம் குழம்பிவிடும். உள்ளே கொண்டுவந்து நன்றாகக் காயவிட்டு அப்புறம் சலித்தால் ஒவ்வொரு துளியும் ஒரு மாவு உருண்டையாக நிற்கும். உருண்டையும் துளியும் சரியாக ஒரே அளவா என்று தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு சொட்டுமருந்துக் குழாயை எடுத்து 1 மில்லிலிட்டருக்கு எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். 20 சொட்டு என்றால் ஒரு சொட்டின் விட்டம் 4.6 மில்லிமீட்டர். அந்தச் சொட்டை அதே மாவில் விட்டுக் காயவைத்து அளந்தால் எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தூறலில் ஒரு தட்டு, கொட்டும் மழையில் ஒரு தட்டு, மழை ஆரம்பிக்கும் முதல் நிமிஷத்தில் ஒரு தட்டு வையுங்கள். இடி மின்னல் இருந்தால் வெளியே போக வேண்டாம், அவளை மட்டுமில்லை, உன்னையும்தான் சொல்கிறேன். அளவுகளை அவளே நோட்டில் எழுதட்டும், பெரிய உருண்டை எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதச் சொல். திருத்திய பிறகும் 6 மில்லிமீட்டரைத் தாண்டி ஒன்று இருந்தால் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணுங்கள்.

அன்புடன்,
அம்மா